சில்லுப்பலகையில் குதிக்கப் பழகியது

எழுதுவதற்கு நான் பொருத்தமான ஆள் இல்லை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னாலே நான் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன் என்பது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். என்னையே நினைவில்லாமலும் இருக்கலாம். பின்வரிசை வாங்கில் சுவரோரம் இருந்தவள் நான். நம் வகுப்புக் குழுவில் ஆளுக்கொரு பழைய கதை எழுதிப் போடும்படி கேட்டபோது, மற்றவர்கள் எழுதட்டும், வாசித்துக்கொண்டு இருப்போம் என்றுதான் இருந்தேன்.

போன கிழமை என் மகன் கைத்தொலைபேசியில் ஒரு பிள்ளை சக்கரம் பூட்டிய சில்லுப்பலகையில் பாய்வதைக் காட்டினான். பார்த்தவுடன், "பின்காலைப் பிழையா வைச்சிருக்கு, விழப்போகுது" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை விழுந்தது. மகன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில்தான் இதை எழுதலாம் என்று தோன்றியது. பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

போர்நிறுத்தம் வந்து, ஊருக்குப் பாதை திறந்து, வெளிநாட்டுச் சொந்தங்கள் வரத் தொடங்கிய வருடம் அது. நமக்குப் பதின்மூன்று வயது. யார் வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது என்பதை அப்போது வகுப்பில் மணத்தை வைத்தே சொல்லிவிடலாம். சவர்க்காரமும் சொக்கிலேற்றும் புதுத் துணியும் கலந்த சூட்கேஸ் மணம். ஆடித் தொடக்கத்தில் எங்கள் வீட்டுக்கும் அந்த மணம் வந்தது. கனடாவிலிருந்து மாமாவும் அவருடைய மகளும் வந்தார்கள். எனக்கு மச்சாள் முறை. என்னைவிட மூன்று வயது மூத்தவள். முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ் போட்டிருந்தாள். வந்த அன்றே அம்மா அதைத் தோய்த்து, காயவைத்து, கிழிசல் இரண்டையும் நீல நூலால் நெருக்கமாகத் தைத்து மடித்துக் கொடுத்தார். மச்சாள் அதை விரித்துப் பார்த்தாள். பிறகு போட்டுக்கொண்டாள்.

அவளுடைய சூட்கேசில் உடுப்புகளுக்கு அடியில் அந்தப் பலகை இருந்தது. இரண்டு முனையும் மேலே வளைந்து, மேற்புறம் மரம் உரஞ்சும் தாளைப்போலச் சொரசொரப்பான கறுப்புத் தாள் ஒட்டி, கீழே மஞ்சள் நிறத்தில் நான்கு சிறிய சில்லுகள். அடிப்பக்கத்தில் இருந்த படம் தேய்ந்து போயிருந்தது. அது பறவையா மீனா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. ஒரு சில்லைச் சுண்டிவிட்டால் வெகுநேரம் சுற்றும். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு முன்னால் போகும் எங்கள் ஒழுங்கையில் அதை ஓட்ட முடியாது. மணலும் கல்லும். ஊரில் வழவழப்பான நிலம் ஒன்றுதான் இருந்தது, எங்களுக்கு நேர் எதிர் வீட்டில். பெரிய கல்வீடு. முன்கூடத்துக் கூரை போரில் செல் குண்டு விழுந்து போனது. மிச்ச ஓடுகளையும் மரங்களையும் எல்லோரும் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நிலம் மட்டும் அப்படியே இருந்தது. சிவப்புச் சீமெந்து, ஒரு வெடிப்பும் இல்லாமல். பின்னால் சமைக்கும் குசினிக்கும் ஒரு அறைக்கும் தகரம் போட்டுக்கொண்டு தாயும் மகனுமாக இரண்டு பேர் இருந்தார்கள்.

மகனை நான் முன்வீட்டு அண்ணை என்பேன். அவருக்கு முப்பது வயது ஆகியிருக்காது. ஊர்க் கரப்பந்தாட்டக் குழுவில் வலைக்கு மேலே எழும்பி அடிப்பவராக இருந்தவர். ஊருக்குத் திரும்பி வந்த வருடம் தங்கள் தென்னங்காணியைப் பார்க்கப் போனார். மிதிவெடியில் இரண்டு கால்களும் முழங்காலுக்கு மேலே போய்விட்டன. கூடத்தின் உள்வாசலில், நிலையின் நிழல் விழும் இடத்தில், சக்கர நாற்காலியில் இருப்பார். மடியை மூடி ஒரு துவாய். அது சரிந்துவிடாமல் அடிக்கடி நேராக இழுத்து விட்டுக்கொள்வார். அவர் நாற்காலியை விட்டு இறங்கி நான் கண்டதில்லை. அவருடைய தாயைத் தவிர வேறு யாரும் கண்டிருக்க மாட்டார்கள். யாராவது வந்தால் அவர் ஏற்கெனவே நாற்காலியில்தான் இருப்பார், தலை வாரி, சட்டைப் பொத்தான் எல்லாம் பூட்டி.

மச்சாள் போய்க் கேட்டாள். "அண்ணா, உங்கட ஹோலில இதை ஓடலாமா?"

"உது என்ன சாமான்? மீன் வெட்டிற பலகைக்குச் சில்லுப் பூட்டினதோ?"

"ஸ்கேட்போர்ட்."

"ஓ, சில்லுப்பலகை. ஓடுங்கோ, ஓடுங்கோ. கூரையும் இல்லை, எவ்வளவு உயரத்துக்கும் எழும்பலாம்."

அன்றிலிருந்து அதற்குப் பெயர் சில்லுப்பலகை.

முதல் சில நாட்கள் நான் பலகையில் ஏறி நிற்கத்தான் பழகினேன். மச்சாள் ஒரு சாக்கை விரித்து அதன் மேல் பலகையை வைத்தாள், சில்லு உருளாமல் இருக்க. பிறகு வெறும் நிலத்தில். உருண்டு போய், சுவரில் கையை ஊன்றி நிற்பது. அதற்குப் பிறகுதான் பாய்ச்சல்.

"இதுக்குப் பேர் ஒல்லி" என்றாள் மச்சாள்.

"உவள் ஏற்கெனவே ஒல்லிதானே" என்றார் முன்வீட்டு அண்ணை. "உவளுக்கு உது லேசு."

லேசாக இல்லை. பின்காலால் பலகையின் வாலைத் தரையில் அடிக்க வேண்டும். அடித்த அதே கணம் மேலே எழும்ப வேண்டும். எழும்பும்போது முன்காலின் புறப்பக்கத்தால் அந்தச் சொரசொரப்புத் தாளை உரஞ்சி மேலே இழுக்க வேண்டும். அப்போது பலகை ஏதோ காலில் ஒட்டியிருப்பதுபோலக் கூடவே எழும்பி வரும். மச்சாளுக்கு வந்தது. எனக்கு வால் தரையில் அடிபடும், நான் ஒரு பக்கம் குதிப்பேன், பலகை இன்னொரு பக்கம் ஓடும்.

"மச்சாள், நீ பயத்தில முன்காலை எடுக்கிறாய். எடுக்காத. இழு" என்பாள். அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள்.

"பிள்ளை, நீ பாயிறியோ, பல்லியை மிதிக்கிறியோ?" என்பார் அண்ணை உள்வாசலில் இருந்து.

"அண்ணா, அவளைக் குழப்பாதைங்கோ!"

"நான் எங்கை குழப்பினனான்? பல்லி செத்துப்போச்சு, மிதிச்சது காணும் எண்டு சொல்லுறன்."

நான் பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் பழகினேன். வேறு சப்பாத்து இல்லை. இடது சப்பாத்தின் சின்னவிரல் பக்கம் தேய்ந்து, நூல் பிரிந்து, ஓட்டை விழுந்தது. ஒவ்வொரு நாளும் வெள்ளைப் பூச்சைத் தடித்துப் பூசி மறைத்தேன். சூடேறிய சீமெந்தின் மணமும் அந்தப் பூச்சின் மணமும் இப்போதும் ஒன்றாகத்தான் நினைவில் வருகின்றன.

எனக்கு அந்தக் கூடம் ஏன் பிடித்துப்போனது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. அங்கே நான் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு ஆள் பழக்கினார், ஒரு ஆள் பகிடி பண்ணினார், நான் திரும்பவும் ஏறினேன். அவ்வளவுதான். முன்வீட்டு அண்ணை நான் பாயத் தயாரானால் கதையை நிறுத்திவிடுவார். நாற்காலியின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிமிர்வார். நான் எழும்பும்போது அவருடைய தோளும் எழும்பும். அவருக்கே அது தெரியாது என்று நினைக்கிறேன்.

மாமா பயண நாளைச் சொன்ன அன்று மச்சாள் ஒரு பந்தயம் வைத்தாள். வாசலில் சாத்தியிருந்த தும்புத்தடியை எடுத்துக் கூடத்தின் நடுவில் குறுக்கே போட்டாள். "உருண்டு வந்து இதுக்கு மேலால நீ பாஞ்சா, போர்ட் உனக்கு. இல்லாட்டி நான் கொழும்பு மச்சானுக்குக் குடுத்திட்டுப் போவன்."

முன்வீட்டு அண்ணையின் அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார். "எடுங்கோ பிள்ளையள் உதை! கூட்டிற தடியைக் கடந்து பாயிறதே? வீட்டுக்குத் தரித்திரம்."

"கூரையே போயிட்டுதம்மா, இனி என்ன தரித்திரம் வரப்போகுது?" என்றார் மகன். ஆனாலும் தும்புத்தடி உள்ளே போனது. வேலியில் ஒரு பூவரசந்தடி முறித்துப் போட்டோம்.

எனக்கென்று நான் மனதுக்குள் கேட்ட முதல் பொருள் அந்தப் பலகைதான். வீட்டில் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. கொழும்பு மச்சானை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கடைசிக் கிழமை முழுக்க அவனை வெறுத்தேன்.

பயணம் போகும் காலை வரை எனக்கு வரவில்லை. அவர்களை ஏற்றிப்போக ஒழுங்கையில் வான் வந்து நின்றுவிட்டது. மாமா ஹோர்ன் அடிக்கச் சொல்கிறார். மச்சாள் ஒரு காலில் சப்பாத்தும் ஒரு காலில் செருப்புமாகக் கூடத்தில் நிற்கிறாள். "கடைசி ஒருக்கா" என்றாள். நான் சுவரிலிருந்து உந்தி வந்தேன். தடி எனக்குக் கீழே போனது. சில்லுகள் நான்கும் தரையில் பட்ட சத்தம் கேட்ட பிறகும் நான் பலகையில்தான் நின்றேன்.

"எழும்பிட்டாள்!" என்று கத்தினார் முன்வீட்டு அண்ணை. "அம்மா, ஓடி வாங்கோ, உவள் எழும்பிட்டாள்!"

மச்சாள் என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு வான் போய்விட்டது. பலகை எனக்கு.

அதன் பிறகு விடுமுறை. பின்னேரங்களில் நான் தனியாகப் போவேன். முன்வீட்டு அண்ணை அங்கே இருப்பார். நான் கதைக்காவிட்டாலும் அவர் கதைப்பார். வலைக்கு மேலே எழும்பினால் எதிர்ப்பக்க ஆட்களின் உச்சந்தலை தெரியும் என்று ஒரு நாள் சொன்னார். "ஆருக்கு வழுக்கை விழுது எண்டு எனக்குத்தான் முதல்லை தெரியும்." நான் சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் விழுந்தது என் ஆசையால்தான். கூடத்திலிருந்து முற்றத்துக்கு இறங்கும் படியைப் பாய்ந்து கடக்கலாம் என்று நினைத்தேன். எழும்பியது சரியாகத்தான் இருந்தது. முன் சில்லு முற்ற மணலில் புதைந்து நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. வலது கையை ஊன்றி விழுந்தேன். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. எழும்பப் பார்த்தேன், கண் இருண்டது.

அவருடைய அம்மா அப்போது கடைக்குப் போயிருந்தார். முன்வீட்டு அண்ணை நாற்காலியைக் கூடத்தின் விளிம்பு வரை உருட்டி வந்தார். படியில் நாற்காலி இறங்காது. என் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினார். பிறகு நாற்காலியிலிருந்து நிலத்தில் விழுந்தார். விழுந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பை இழுத்து, படியால் இறங்கி, மணலில் அரைந்து அரைந்து என்னிடம் வந்தார். துவாய் படியிலேயே கிடந்தது. என் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்து, முறிந்த கையை அசையாமல் பிடித்துக்கொண்டார். "கண்ணை மூடாதை பிள்ளை. என்னைப் பார். என்ரை மூஞ்சையைப் பார், பயமாத்தான் இருக்கும், பரவாயில்லை, பார்."

அம்மா வந்தது அந்த நேரம். கிணற்றடியிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தவர் வாசல் படலையடியில் ஒரு கணம் நின்றுவிட்டார். அவர் பார்த்தது என்னை மட்டும் இல்லை என்று இப்போது தெரிகிறது. நிலத்தில் மணலோடு இருந்த அண்ணையையும் பார்த்தார். பிறகு தலையில் இரண்டு கையையும் வைத்து, "முருகா, என்ரை பிள்ளையின்ரை கை சுகப்பட்டால் இந்தப் பலகைச் சனியனை வீட்டிலை வைச்சிருக்கமாட்டன், ஒரு இயலாதவனுக்குத் தானமாக் குடுப்பன்" என்று உரத்து நேர்ந்துகொண்டார்.

முறிவு வைத்தியர் மூலிகைப் பத்துப் போட்டு, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். கட்டிலிருந்து எண்ணெயும் முட்டையும் கலந்த ஒரு நாற்றம் வந்துகொண்டே இருந்தது. அம்மா என்னை நல்லூர்த் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கட்டின கையோடு சனத்துக்குள் நின்றது மட்டும்தான் எனக்கு நினைவு. அம்மா வேறொன்றைப் பார்த்திருக்கிறார். அதைப் பிறகுதான் அறிந்தேன்.

கட்டு அவிழ்த்து, கை நேராக இருக்கிறது என்று வைத்தியர் சொன்ன மறு வெள்ளிக்கிழமை, அம்மா தலை முழுகினார். பலகையை மஞ்சள் தண்ணீரால் கழுவினார். சில்லுகளின் இடுக்கில் இருந்த மணலை ஈர்க்கால் குத்தி எடுத்தார். நான்கு மூலையிலும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தார். கறுப்புத் தாளில் சந்தனம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. பெரிய வெண்கலத் தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழச் சீப்பு. அவற்றின் மேல் பலகை. தட்டின் இரண்டு பக்கமும் அது நீட்டிக்கொண்டு நின்றது.

"ஆருக்கம்மா?" என்று கேட்டேன்.

"வா, பேசாமல் வா. நீயும் வரவேணும். உன்ரை கைக்கு வைச்ச நேர்த்தி."

ஒழுங்கையைக் கடந்து நேரே எதிர் வீட்டுக்குப் போனோம். முன்வீட்டு அண்ணை வழக்கமான இடத்தில் இருந்தார்.

"என்னக்கா, தட்டோடை வாறியள்? எனக்குப் பொம்பிளை பாத்திட்டியளோ?"

அம்மா சிரித்துக்கொண்டே கிட்டப் போய்த் தட்டை நீட்டினார். "தம்பி, இது நேர்த்திச் சாமான். உமக்குத்தான் குடுக்கவேணும் எண்டு மனசிலை பட்டது."

அவர் பலகையையும் சந்தனத்தையும் பார்த்தார். "எனக்கு ஏன் அக்கா?"

"இதிலை இருந்து கையாலை உந்தினால் லேசாப் போய்வரலாம். நல்லூரிலை கண்டனான், ஒருத்தர் உப்பிடித்தான் வீதி முழுக்கப் போறார். அண்டைக்கு மாதிரி நிலத்திலை அரையத் தேவையில்லை."

அண்ணை துவாயை நேராக இழுத்துவிட்டார். "அவருக்கு முன்னாலை சில்லறைக்கு ஒரு துணி விரிச்சிருந்திருக்குமே அக்கா. அதையும் கண்டனீங்களோ?"

"ஐயோ தம்பி, நான் அந்த நினைப்பிலை..."

"அண்டைக்குப் பிள்ளை விழுந்திட்டாள் எண்டுதான் இறங்கினனான். வேறை ஒண்டுக்கும் நான் இறங்கிறேல்லை."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அம்மா தட்டை இன்னும் கொஞ்சம் முன்னே நீட்டினார். சில்லு ஒன்று தானாகக் கொஞ்சம் சுற்றி நின்றது.

"அது அவளின்ரை சாமான். அவளிட்டைக் குடுங்கோ."

"நேர்ந்த சாமான் தம்பி. திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகேலாது. பிள்ளைக்குத்தான் ஏதும் வரும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் உள்ளே இருந்து அவருடைய அம்மா வந்தார். என்ன நடந்தது என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தட்டோடு வந்தவரைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் அவருக்கு இல்லை. "தாங்கோ பிள்ளை" என்று தட்டை வாங்கிக்கொண்டு போனார். வெறும் தட்டைக் கொடுக்கக் கூடாது என்று நாலைந்து தேசிக்காய் போட்டுத் திருப்பித் தந்தார். நாங்கள் அதை வாங்கிக்கொண்டு வந்தோம்.

எனக்கு அழுகை வரவில்லை. அன்று மத்தியானம் சோறும் கத்தரிக்காயும் சாப்பிட்டேன். அம்மா அந்தத் தேசிக்காயில் ஊறுகாய் போட்டார்.

அம்மாவை நான் குறை சொல்ல எழுதவில்லை. அவர் இன்னும் என்னோடுதான் இருக்கிறார். போன கிழமை இதைப் பற்றிக் கேட்டேன். "நல்லதுக்குத்தானே குடுத்தனான்" என்றார். உண்மைதான். அந்தப் பெடியன் அரைந்து வந்ததைப் பார்த்து அவருக்குத் தாங்க முடியாமல் இருந்திருக்கிறது. அதற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அண்ணை பக்கத்தில் பார்த்தால், யாரும் பார்க்காத ஒன்றை என் அம்மா பார்த்துவிட்டார். பார்த்ததோடு, அதற்குச் சந்தனமும் வைத்துத் தட்டில் கொண்டுவந்துவிட்டார். இரண்டுக்கும் நடுவில் என் கை இருந்தது.

அதற்குப் பிறகு முன்வீட்டு அண்ணை உள்வாசலுக்கு வரவில்லை. பின்னால் கிணற்றடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இருப்பதாக அவருடைய அம்மா சொன்னார். வேலிக்குள்ளால் பார்த்தால் கூடம் தெரியும். மூலையில் பலகை சாத்தியபடி இருக்கும். யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டுக்கு அது வர முடியாது. அந்த வீட்டில் அதற்கு வேலை இல்லை.

ஒரு பின்னேரம் அவருடைய குரல் கேட்டது. "பிள்ளை! இஞ்சை ஒருக்கா வா."

அம்மா குசினி வாசலில் நின்று பார்த்தார். நான் போனேன். கூடம் கூட்டியிருந்தது. அவர் கூடத்தின் நடுவில் நாற்காலியில் இருந்தார். பலகை கீழே கிடந்தது. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"உது உங்கடை வீட்டுக்குத்தானே வரக் கூடாது. நீ இஞ்சை வரலாம்தானே. பாய்."

நான் பாவாடைக் கரையால் சந்தனத்தைத் துடைத்தேன். நிமிர்ந்தபோது அவர் நாற்காலியைத் திருப்பிவிட்டிருந்தார்.

"நீ பாய், பிள்ளை. எனக்குக் கிணத்தடியிலை வேலை கிடக்கு."

உள்வாசலால் போய்ப் பின்பக்கம் இறங்கினார். அங்கே அவருடைய அம்மா இரண்டு பலகைகளை வைத்துச் சரிவு செய்து கொடுத்திருந்தார். நாற்காலிச் சில்லு மணலில் போகும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

நான் ஏறினேன். இடைவெளி விட்டிருந்தாலும் கால்கள் மறக்கவில்லை. சுவரிலிருந்து உந்தி வந்து, வாலை அடித்து, எழும்பினேன். அதற்கு முன்பு அவ்வளவு உயரம் நான் எழும்பியதில்லை. நான்கு சில்லும் ஒரே சத்தமாகத் தரையில் பட்டன. சத்தம் நான்கு சுவரிலும் பட்டு மேலே போனது. திரும்பவும் பாய்ந்தேன். அதுவும் சரியாக வந்தது. உள்வாசலுக்கு நேரே அவருடைய முதுகு தெரிந்தது. தோள் அசையவில்லை. கிணற்றைப் பார்த்தபடி இருந்தார். அங்கே வேலை எதுவும் இல்லை.

இன்னும் கொஞ்சம் பாய்ந்தேன். பிறகு பலகையை இருந்த மூலையில் சாத்திவிட்டு, "அண்ணை, போயிட்டு வாறன்" என்றேன். நானாக அவரோடு கதைத்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

திரும்பாமலே கையைத் தூக்கினார். "ஓம், பிள்ளை."

அடுத்த நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, முன்வீட்டுக் கூடம் முழுக்க, ஒரு சாண் இடம் விடாமல், மிளகாய்ப் பழம் காயப் போட்டிருந்தது. யாரோ தோட்டக்காரர் காயவைக்க அந்தச் சீமெந்து நிலத்தைக் கேட்டிருக்கிறார், அவர்கள் கொடுத்திருக்கிறார்கள். காரம் எங்கள் குசினி வரை வந்தது. அம்மா தும்மிக்கொண்டே யன்னலைச் சாத்தினார்.